மரண வாக்குமூலம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை: அனுபவம் உள்ளவர்கள் பகிரவும்

குற்றவியல் வழக்கறிஞர்:
வேறு சாட்சியே இல்லாவிட்டாலும் நம்பத்தகுந்த மரண வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டிக்கலாம் என்று 1957-இல் குஷால் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதற்கான சட்டப் பிரிவு முன்பு இந்திய சாட்சியச் சட்டம் 32(1). 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம், பிரிவு 26. சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அதனால் எழுதியவரைத்தான் கூண்டில் ஏற்றிக் குடைவார்கள்.

ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்:
ஜி.ஹெச்.சிலிருந்து தகவல் வந்தால் மாஜிஸ்திரேட் உடனே புறப்பட வேண்டும். போலீசும் சொந்தக்காரர்களும் அறைக்கு வெளியே. பெயர் என்ன, இது எந்த இடம், இப்போது பகலா இரவா என்று முதலில் கேட்டு நினைவைச் சோதிப்பார். பிறகு "என்ன நடந்தது?" என்ற கேள்வி மட்டும் போதும். "புருஷன்தானே கொளுத்தினார்?" என்று கேட்டால் பதில் கேட்டவருடையதாகிவிடும். "எரிச்சுப்புட்டாரு" என்றால் அப்படியே எழுத வேண்டும், "தீயிட்டுக் கொளுத்தினார்" என்று திருத்தக் கூடாது. தொடங்கிய நேரம், முடித்த நேரம், படித்துக் காட்டிய குறிப்பு, கையெழுத்து அல்லது ரேகை, பிறகு சீலிட்ட உறை.

தீக்காய வார்டு செவிலியர்:
முகமும் தொண்டையும் வெந்திருந்தால் தாமதிக்கவே கூடாது. சில மணி நேரத்தில் வீக்கம் மூச்சை அடைக்கும். குழாய் போட்டபின் பேச்சு கிடையாது. அப்போதும் தலையசைப்பு, கைச்சாடை செல்லும். 1885-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்திலேயே ஏற்றார்கள். எந்தக் கேள்விக்கு எந்தச் சாடை என்று எழுதியிருக்க வேண்டும். மார்ஃபின் போட்ட நேரமும் அளவும் கேஸ் ஷீட்டில் இல்லாவிட்டால், மயக்கத்தில் உளறியது என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

குற்றவியல் வழக்கறிஞர்:
தெளிவாக இருக்கிறார் என்ற டாக்டர் சான்று இல்லாததாலேயே வாக்குமூலம் செல்லாமல் போகாது, லக்ஷ்மண் வழக்கு, 2002. ஆனாலும் வாங்கிவிடுங்கள்.

பல வழக்குகள் கெடுவது அதற்கும் முன்னால், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில். "ஸ்டவ் வெடித்தது" என்று இருக்கும். சொன்னது தீக்காயப்பட்ட பெண்ணா, தூக்கிவந்த கணவரா என்று இருக்காது. பிறகு அவள் மாஜிஸ்திரேட்டிடம் உண்மையைச் சொன்னாலும் அது இரண்டாவது வாக்குமூலம், முரண்பாடு என்று பேர். டியூட்டி டாக்டர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், "நோயாளி சொன்னது" அல்லது "உடன் வந்தவர் சொன்னது" என்று இரண்டு வார்த்தை சேர்த்து எழுதுங்கள்.

ஆள் பிழைத்துவிட்டால் அது மரண வாக்குமூலமே அல்ல. அவரே வந்து சாட்சி சொல்லலாம். எழுதிய தாள், அவர் கூண்டில் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முந்தைய வாக்குமூலமாக மட்டும் பயன்படும்.