தச்சு கற்ற டிஜே: குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு இரவு

மாலதி அத்தை: கார்த்தி, காலையில் நீ அனுப்பிய பாட்டை இப்போதுதான் கேட்டேன். பாட யாருமே வரவில்லையே! ஆனால் நடுவில் தாளம் நின்று மெட்டு மட்டும் தனியாக வருகிற இடத்தில், கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். யார் இவர்?

கார்த்திக்: பால் வான் டைக், அத்தை. ஜெர்மனிக்காரர். டிஜே, அதாவது நடனக்கூடங்களில் பாட்டுகளைக் கலந்து போட்டு ஆடவைப்பவர். சொந்தமாகவும் இசை அமைப்பார். பாட்டு ‘ஃபார் ஆன் ஏஞ்சல்’.

கார்த்திக்: 1994-இல் அவருடைய முதல் ஆல்பத்தில் வந்தது. 1998-இல் அவரே புதிதாகக் கலவை செய்து வெளியிட்டதுதான் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

பிரியா அக்கா: இதில் என்னடா உழைப்பு இருக்கிறது? பட்டனைத் தட்டினால் கம்ப்யூட்டர் வாசித்துவிடும் என்று ஆபீஸில் சொல்கிறார்கள்.

கார்த்திக்: அக்கா, அதைக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருக்கிறது. ஹெட்போன் போட்டு இன்னொரு முறை கேளுங்கள். நிமிடத்துக்கு 130, 140 தாள அடி வேகத்தில் கிக் டிரம், அதாவது ‘டும் டும்’ என்ற அடித்தாளம், விடாமல் ஓடும். டிரான்ஸ் என்கிற இந்த வகை மின்னணு நடன இசைக்கு அதுதான் அஸ்திவாரம். அத்தை சொன்ன இடத்தில் அதை எடுத்துவிடுகிறார்.

கார்த்திக்: அதன் பிறகு மெட்டு வாசிக்கிற சின்த், அதாவது மின்னணு வாத்திய ஒலியில் மட்டும் கவனம் வையுங்கள். முதலில் மூடிய கதவுக்குப் பின்னால் வாசிப்பது மாதிரி மங்கலாக இருக்கும். ஒலியின் கூர்மையை மட்டுப்படுத்தும் ஃபில்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கத் திறக்க ஒலி கூர்மையாகிக்கொண்டே வரும். சீக்கிரம் திறந்தால் சப்பென்று போய்விடும், இழுத்துக்கொண்டே போனால் ஆடுகிறவர்கள் கலைந்துவிடுவார்கள். கிக் திரும்ப எப்போது விழவேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரா முடிவு செய்யும்?

பிரியா அக்கா: சரி, ஹெட்போனில் கேட்டுவிட்டு வருகிறேன்.

பெரியப்பா: ஜெர்மனியில் எந்தப் பக்கம்? வயது என்ன?

கார்த்திக்: அப்போது தனி நாடாக, கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனி பெரியப்பா. 1971-இல் ஐசன்ஹூட்டன்ஸ்டாட் என்ற ஊரில் பிறந்து கிழக்கு பெர்லினில் வளர்ந்தவர். அசல் பெயர் மத்தியாஸ் பால். அப்பா சின்ன வயதிலேயே பிரிந்துவிட்டார், அம்மாதான் வளர்த்தார்.

பெரியப்பா: அங்கே மேற்கத்திய இசைத்தட்டு சுலபத்தில் கிடைத்திருக்காதே. எப்படிப் பழகினார்?

கார்த்திக்: வானொலிதான் பெரியப்பா! மேற்கு பெர்லினைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்களே தவிர, அங்கிருந்து ஒலிபரப்பான ரியாஸ், எஸ்.எஃப்.பி. நிலையங்கள் கிழக்கில் இருந்த வீடுகளிலும் கேட்டன. இவர் அதைக் கேட்டே வளர்ந்தார். பாடகர் முகம் தெரியாது, ஆல்பம் அட்டை தெரியாது. ஒலி மட்டும்தான் தெரியும். இவருடைய இசை இப்படி இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பெரியப்பா: 1989-இல் சுவர் விழுந்தபோது ஓடி வந்திருப்பார்.

கார்த்திக்: விழுவதற்குச் சற்று முன்பே அனுமதி கிடைத்து அம்மாவும் அவரும் மேற்கு ஜெர்மனியில் இருந்த ஹாம்பர்க் போய்விட்டார்கள். அடுத்த வருடமே பெர்லின் திரும்பினார். தச்சு வேலை கற்றுக்கொள்ள.

சுந்தரம் மாமா: தச்சா? நம்ம தொழிலா?

கார்த்திக்: ஆமாம் மாமா, முறையான தொழிற்பயிற்சி. 1991-இல் பெர்லினில் ‘ட்ரேசர்’ என்ற இரவு நடன கிளப்பில் முதல் முறையாக இசைத்தட்டு போட்டார். சுவர் போனதும் பெர்லினில் நிறைய கட்டடங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. பழைய வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடி இருந்த இடத்தில், பூமிக்கடியில் இருந்த பாதுகாப்புப் பெட்டக அறையைத்தான் ட்ரேசரின் நடனக்கூடம் ஆக்கினார்கள். கிழக்குப் பிள்ளைகளும் மேற்குப் பிள்ளைகளும் ஒன்றாக ஆடியது இந்த மாதிரி இடங்களில்தான்.

மாலதி அத்தை: அப்புறம் பெரிய ஆள் ஆகிவிட்டாரா?

கார்த்திக்: 2005, 2006 இரண்டு வருடமும் ‘டிஜே மேக்’ என்ற இசைப் பத்திரிகையின் வாசகர் வாக்கெடுப்பில் உலக டிஜேக்களில் முதலிடம். ‘ரிஃப்ளெக்ஷன்ஸ்’ ஆல்பம் அமெரிக்காவின் கிராமி இசை விருதுக்கான பரிந்துரை வரை போனது. ஆனால் அத்தை, எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அதற்கெல்லாம் பிறகு நடந்த விஷயத்தால்.

கார்த்திக்: 2016 பிப்ரவரியில் நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்து இசைவிழா. நிகழ்ச்சி நடுவில் மேடையில் இருந்த ஒரு திறப்பு வழியாகக் கீழே விழுந்துவிட்டார். அதன் மேல் துணி மூடியிருந்தது, தரை என்று நினைத்துக் கால் வைத்திருக்கிறார். முதுகெலும்பில் முறிவு, மூளையிலும் காயம். நடக்க, பேச எல்லாவற்றையும் முதலில் இருந்து கற்க வேண்டியிருந்தது.

மாலதி அத்தை: ஐயோ கடவுளே.

சுந்தரம் மாமா: மேடையில் பலகை இல்லாத இடத்தைத் துணியால் மறைக்கவே கூடாது. முப்பது வருடமாக மேடை போடுகிறேன், பையன்களிடம் நான் கத்துவது இதற்காகத்தான். விளக்கு கண்ணில் அடிக்கும்போது மேலே நிற்பவருக்குக் கீழே எதுவுமே தெரியாது. பலகை போட முடியாவிட்டால் கம்பி கட்டித் தடுக்க வேண்டும். இப்போது எப்படி இருக்கிறார்?

கார்த்திக்: சில மாதங்களிலேயே மேடைக்கு வந்துவிட்டார் மாமா. 2017-இல் ‘ஃப்ரம் தென் ஆன்’ என்று புது ஆல்பம். 2020-இல் இன்னும் இரண்டு.

சுந்தரம் மாமா: விழுந்த மேடை மேலேயே திரும்ப ஏறுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் சாரத்தில் இருந்து விழுந்தபின் ஏணியைத் தொடவே இல்லை. வான் டைக் பாட்டு எல்லாவற்றையும் அனுப்பு.

பிரியா அக்கா: கேட்டுவிட்டேன் கார்த்தி. கிக் திரும்ப விழும் இடத்தில் உடம்பு சிலிர்த்தது. ஆபீஸில் நாளை ஒரு சண்டை இருக்கிறது.

பெரியப்பா: பாட்டு வரிகளோடு ஏதாவது இருந்தால் எனக்கும் அனுப்பு.

கார்த்திக்: ‘வீர் சிண்ட் வீர்’ கேளுங்கள் பெரியப்பா. 2004-இல் பீட்டர் ஹெப்னர் பாடியது. போருக்குப் பிந்தைய ஜெர்மனியைப் பற்றியது. வரிகளைத் தமிழில் எழுதி இரவுக்குள் போடுகிறேன்.