புதுப்பிப்பு: வெயிலில் துவண்ட என் ஃபெரெட்

சென்ற வாரம், என் ஃபெரெட் (கீரி போல நீண்ட உடல் கொண்ட சிறு வளர்ப்பு விலங்கு) மிண்டு வாய் திறந்து மூச்சிரைக்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். ஐஸ் வேண்டாம், சாதாரண நீரால் நனைத்து உடனே மருத்துவரிடம் ஓடு என்ற அக்காவுக்குக் கோடி நன்றி. பிழைத்துவிட்டாள்.

வெப்பத்தாக்குதான். ஃபெரெட்டால் வியர்த்து உடலைத் தணித்துக்கொள்ள இயலாது; 30 டிகிரியை நெருங்கினாலே ஆபத்து. பினாங்கு ஜெலுத்தோங் அடுக்குமாடியில் பிற்பகலுக்கு மின்விசிறி போதும் என்று நம்பியது என் தவறு. விசிறி நம் வியர்வையைத்தான் உலர்த்தும், அவளுக்கு அது வெறும் சூடான காற்று. இப்போது குளிரூட்டி 24 டிகிரியில் ஓடுகிறது. மின்கட்டணம் கூடட்டும்.

நேற்றிலிருந்து எனக்குக் காய்ச்சல். மனிதரின் இன்ஃப்ளுவென்சா ஃபெரெட்டுக்கும் தொற்றும் என்பதால் தம்பிதான் அவளுக்குக் கோழியிறைச்சி வைக்கிறான். நான் கதவோரம் நின்று பார்க்கிறேன்.