கணவர் ஒரு வருடம் ஐ.நா. பணிக்குப் போகிறார், குழந்தைக்கான சிகிச்சையை என்ன செய்வது?

தெமட்டகொட சகோதரி:
அஸ்ஸலாமு அலைக்கும். கல்யாணமாகி நாலு வருடம், எனக்கு வயது 34. ஹஸ்பண்ட் இராணுவத்தில் மருத்துவப் பிரிவு. இவ்வளவு நாளும் அவர் வன்னியில், நான் கொழும்பில், லீவுக்கு வந்தால்தான் சந்திப்பு. இப்போதுதான் ஒரு டொக்டரை செனல் பண்ணிக் காட்டத் தொடங்கினோம், அதற்குள் தென் சூடானில் நம் இராணுவம் நடத்தும் ஐ.நா. ஹொஸ்பிட்டலுக்கு அவர் பெயர் வந்துவிட்டது. திரும்பி வரும்போது எனக்கு 35 ஆகிவிடும். மாமி "போய்ட்டு வரட்டும், அல்லாஹ் தருவான்" என்கிறார். மாமி மனதில் கெட்டது ஒன்றும் இல்லை, ஆனால் என்னால்தான் சும்மா இருக்க முடியவில்லை. விந்தை உறைய வைத்துவிட்டுப் போகலாம் என்கிறார்களே, அது உண்மையில் பயன்படுமா? அவர் இல்லாமல் நான் சிகிச்சையைத் தொடரலாமா? மார்க்கத்தில் இடம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை அக்கா:
தங்கச்சி, என் அவர் கப்பல்காரர், மாதக்கணக்கில் கடலில் இருப்பது எங்கள் வீட்டில் வழக்கம், அதனால் உங்கள் தவிப்பு எனக்கு நன்றாகவே விளங்குகிறது. முதலில், டொக்டரிடம் "நாலு வருடமாகப் பிள்ளை இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அதில் ஒரே வீட்டில் இருந்தது எத்தனை மாதம், லீவு நாட்கள் கரு தங்கக்கூடிய நாட்களில் விழுந்தனவா, அதையும் சொல்லுங்கள். சேர்ந்திருந்து ஒரு வருடம் முயன்றும் தங்காவிட்டால்தான் பிரச்சினை என்று தேடத் தொடங்குவார்கள், 35 தாண்டினால் ஆறு மாதம். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இல்லாமலே இருக்கலாம்.

அப்புறம், போகுமுன் அவருடைய வேலைகளை முடியுங்கள். முட்டை இருப்பைக் காட்டும் உங்கள் ஏ.எம்.எச் இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் எச்.எஸ்.ஜி எல்லாம் அவர் போன பிறகும் செய்யலாம். அவருடைய சாம்பிளும் கையெழுத்தும்தான் பிறகு கிடைக்காது. நாங்கள் சிகிச்சை எடுத்தபோது எல்லாம் தயாராக இருந்தும் ஒரு ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்து இல்லாமல் அந்த மாதமே வீணாகிப் போனது. வட்ஸ்அப்பில் அனுப்பியதை ஏற்க மாட்டோம் என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள், அவரோ நடுக்கடலில். உறைய வைக்க, உருக்கிப் பயன்படுத்த, ஐ.வி.எஃப் (முட்டையை வெளியே எடுத்து லேபில் கருவாக்குவது) செய்ய, கருவை உறைய வைக்க என்று எதற்கெல்லாம் தனித்தனியாக ஒப்பமிட வேண்டும் என்று கேட்டு, எல்லாவற்றையும் அவர் இங்கே இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

லேப் தம்பி:
நான் இந்த வகை லேபில் வேலை செய்கிறேன், சாம்பிளைப் பற்றி மட்டும் சொல்கிறேன் அக்கா. திரவ நைதரசனில், மைனஸ் 196 பாகை செல்சியஸில், விந்து வருடக்கணக்கில் இருக்கும். ஆனால் உருக்கும்போது அசையும் விந்தணுக்களில் கணிசமான பங்கு, சிலருக்குப் பாதி கூட, போய்விடும். ஆகவே ஒரே தடவை கொடுத்துவிட்டு விமானம் ஏறுவது போதாது, இடைவெளி விட்டுச் சில தடவை கொடுத்தால் நல்லது. ஒவ்வொன்றுக்கும் முன் விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். எச்.ஐ.வி, ஹெப்படைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் பரிசோதனைகள் முன்னதாகக் கேட்பார்கள், ரிப்போர்ட் வரும் நாட்களையும் கணக்கில் எடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டில் கீழ் எல்லை மில்லிலீட்டருக்கு 16 மில்லியன் விந்தணு, அசைவு 42 சதவீதம். அதற்குக் கீழே போனால் பிள்ளையே கிடைக்காது என்று இல்லை. எண்ணிக்கை நன்றாக இருந்தால் உருக்கிய பிறகும் ஐ.யூ.ஐ, அதாவது விந்தை நேரே கருப்பைக்குள் செலுத்துவதை, முயலலாம். குறைவென்றால் இக்சி, அதாவது லேபில் விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது, அதில் முட்டை ஒன்றுக்கு ஒரு விந்தணு போதும்.

வீட்டில் எடுத்தால் போத்தலைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டோடு வைத்து ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குக் கொண்டுவர வேண்டும். காலையில் பேஸ்லைன் ரோட் நெரிசலில் நான் அதை நம்ப மாட்டேன், அங்கேயே கொடுக்கச் சொல்லுங்கள். எண்ணெய், ஜெல், சவர்க்காரம் எதுவும் படக்கூடாது.

வந்த பிறகு பார்க்கலாம் என்று விடாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், கடும் காய்ச்சல் வந்தால் அதன் பாதிப்பு அடுத்த இரண்டு மூன்று மாத ரிப்போர்ட்டில் தெரியும். நம் நாடு 2016-இல் மலேரியா இல்லாத நாடென்று சான்று பெற்றுவிட்டது, தென் சூடான் அப்படியில்லை.

நூருல்:
வ அலைக்குமுஸ் ஸலாம். 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகடமி, கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் மட்டும் சேர்ந்து அதே மனைவியின் கருப்பையில் வைக்கப்படுவதைத் தேவைக்கு அனுமதித்தது. மூன்றாவது ஆள் யாரும் வரக்கூடாது. திருமண உறவு இருக்கும்வரைதான் இந்த அனுமதி என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. தலாக் ஆனாலோ, அல்லாஹ் பாதுகாக்க, மவுத் (மரணம்) ஆனாலோ உறைய வைத்ததைப் பயன்படுத்தக்கூடாது. படிவத்தில் இந்தக் கேள்வி வரும், இரண்டு பேரும் பேசி ஆலிம் ஒருவரிடமும் கேட்டுவிட்டு ஒப்பமிடுங்கள். ஆபத்தான இடத்துக்குப் போகிறவரோடு இதைப் பேசுவது கஷ்டம்தான், ஆனால் பேசாமல் விடக்கூடிய விஷயமில்லை.

தெமட்டகொட சகோதரி:
ஜஸாக்கல்லாஹ் கைர் எல்லோருக்கும். இன்றைக்கே அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் இருக்கும்போதே ஐ.வி.எஃப் செய்து கருவை உறைய வைத்துவிட்டால் என்ன என்று கேட்கிறார்.

வெள்ளவத்தை அக்கா:
செய்யலாம், காலமும் பணமும் இடம் கொடுத்தால் நான் அதைத்தான் சொல்வேன், உருக்கி எடுக்கும் கருவை வைக்கும் நாளில் அவர் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. முட்டைகளை வளர்க்கும் ஊசி பத்துப் பன்னிரண்டு நாள் போகும், கடைசி ஊசி போட்டு ஒன்றரை நாளில் முட்டை எடுப்பார்கள். செலவை நினைத்துப் பயந்தால் முதலில் டி சொய்சா அல்லது காசல் வீதி அரசாங்க ஹொஸ்பிட்டல் கிளினிக்கில் காட்டுங்கள், அடிப்படைப் பரிசோதனைகளுக்காவது கை கடிக்காது. மயக்க மருந்து கொடுத்து முட்டை எடுக்கும் நாளில் தனியாக வீட்டுக்கு விட மாட்டார்கள், அவருக்கு லீவு கிடைக்காவிட்டால் உம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.