கண்டன்சர் இல்லாமல் நீராவியை நேரடியாகக் கொதிகலனுக்கு அனுப்ப முடியாதா?

கேள்வி:
வணக்கம். இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அனல்மின் நிலையத்தில், டர்பைனிலிருந்து 0.1 பார் அழுத்தத்தில் வெளிவரும் நீராவியைக் கண்டன்சரில் தண்ணீராக்குவதற்காக, கிலோவுக்கு 2,000 கிலோஜூலுக்கும் மேற்பட்ட வெப்பத்தைக் குளிர்நீரில் விட்டுவிடுகிறார்கள். நீராவியை அப்படியே அழுத்திக் கொதிகலனுக்கு அனுப்பினால் அவ்வளவும் மிஞ்சாதா? வெப்ப இயக்கவியலின் முதல் விதிப்படி (ஆற்றல் தோன்றுவதும் இல்லை, அழிவதும் இல்லை) என் கணக்கில் வரவும் செலவும் ஒத்துப்போகின்றன. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
அழுத்துவதற்கான வேலையை நீங்கள் சேர்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு கிலோ தண்ணீரின் கன அளவு ஒரு லிட்டர்தான் என்பதால், அதை 150 பாருக்கு ஏற்ற 15 கிலோஜூல் போதும். அதே ஒரு கிலோ, 0.1 பாரில் உலர் நீராவியாக இருந்தால் 14.7 கன மீட்டர் இடத்தை அடைக்கும். அதைப் பழைய நிலைக்கே அழுத்த, டர்பைன் தந்த வேலை முழுவதையும், உராய்வு இருப்பின் அதற்கு மேலும், திருப்பிக் கொடுக்க வேண்டும். மின்சாரமாக வெளியே எடுக்க எதுவும் மிஞ்சாது.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. இது இயந்திரத்தின் குறையா, இயற்கையின் விதியா? உராய்வே இல்லாவிட்டாலும் வெப்பத்தை விட்டுத்தான் ஆக வேண்டுமா?

மறுமொழி 2:
ஆம், விதிதான், முதல் விதியன்று, இரண்டாம் விதி. 540 டிகிரி செல்சியஸில், அதாவது 813 கெல்வினில், 1,000 கிலோஜூல் வெப்பம் உள்ளே வரும்போது அதனுடன் கெல்வினுக்கு 1.23 கிலோஜூல் என்ட்ரோபியும் (வெப்ப அளவைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்துப் பெறும் அளவு; இதை அழிக்க முடியாது என்பதே இரண்டாம் விதி) வருகிறது. வேலை என்ட்ரோபியைச் சுமந்து செல்வதில்லை. சுழற்சி தொடங்கிய நிலைக்கே திரும்ப வேண்டுமென்றால், அந்த என்ட்ரோபி வெப்பத்தோடுதான் வெளியேற வேண்டும். 46 டிகிரியில், அதாவது 319 கெல்வினில், அதற்குக் குறைந்தது 392 கிலோஜூல் தேவை. கொதிகலனில் பெரும்பகுதி வெப்பம் 540 டிகிரிக்குக் கீழேயே ஏற்கப்படுவதால், நடைமுறையில் இழப்பு இதைவிட மிகுதி. வேலை பெறக் குளிர்ந்த ஒரு பக்கமும் தேவை என்பதை பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824-லேயே எழுதிவிட்டார். இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூலின் சோதனைகள் முதல் விதிக்கு வழி வகுத்தது அதற்குப் பிறகுதான் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

கேட்டவர்:
அப்படியானால், வெளியேறும் அந்த 46 டிகிரி வெப்பத்தைக் கொண்டு இன்னொரு சிறிய எந்திரத்தை ஓட்டலாமா?

மறுமொழி 2:
சுற்றுப்புறம் 30 டிகிரி என்றால், உராய்வற்ற எந்திரம்கூட அதில் 5 சதவீதத்தையே வேலையாக்கும். கண்டன்சரில் வெளியேறும் வெப்பத்தின் அளவு பெரிதுதான். ஆனால் அதிலிருந்து பெறக்கூடிய வேலையை டர்பைன் முன்பே எடுத்துவிட்டது.