படத்தைத் திருப்பினால் மூலையில் கறுப்பு: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கோத்தகிரி_மழை:
தோடர் பூத்தையல் சால்வைகளை இணையத்தில் விற்க ஒரு பக்கம் செய்துகொடுத்தேன். படங்கள் எல்லாம் கைப்பேசியில் கோணலாக எடுத்தவை. பைத்தான் மொழியின் படத் தொகுப்பான பில்லோவில் ரொட்டேட் (திருப்பு), எக்ஸ்பேண்ட் ட்ரூ (திருப்பிய படம் முழுதும் அடங்கச் சட்டத்தைப் பெரிதாக்கு), எல்லாம் நேரானது. பெரிதான சட்டத்தின் காலி மூலைகளில் மட்டும் கறுப்பு நிரம்பியிருந்தது. தைக்கிற பாட்டியிடம் திரையைக் காட்டினேன். மூலை முக்கோணத்தில் விரலை வைத்தார்: "இந்தக் கறுப்பை யாரு தம்பி தைச்சது?" வெள்ளைத் துணி, சிவப்பும் கறுப்பும் நூல், அவர் கேட்டதில் தப்பே இல்லை. காலி இடத்தின் நிறத்தைச் சொல்லும் ஃபில்கலரில் 255 மூன்று முறை (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழு அளவு) கொடுத்து வெள்ளையாக்கினேன். துணியோ பழுப்பு வெள்ளை. இப்போது ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிறது. அதையும் கண்டுபிடித்துவிட்டார்.

குன்னூர்_டீ:
கல்லூரி புராஜெக்ட். தேயிலைக் கொப்புள நோயைப் படம் பார்த்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மாடல். நோய் இலைப் படங்கள் குறைவு என்று அவற்றை மட்டும் திருப்பித் திருப்பிப் பெருக்கியிருந்தது எங்கள் குழு. மாடல் பயிற்சிக்குப் படங்களைத் தயார்செய்யும் டார்ச்விஷனில் ஃபில் (நிரப்பும் நிறம்) சொல்லாவிட்டால் சுழியம், அதாவது கறுப்பு. டெமோ நாளில் சார் ஒரு நல்ல இலைப் படத்தின் மூலையில் கறுப்பு முக்கோணம் வரைந்து கொடுத்தார். "கொப்புள நோய்" என்று அடித்துச் சொன்னது மாடல். கறுப்பு மூலையையே நோய் என்று கற்றிருக்கிறது. அப்புறம் ஓபன்சிவி என்ற இன்னொரு தொகுப்புக்கு மாறி, காலி மூலையைப் பட ஓரத்தின் பிம்பத்தால் நிரப்பும் பார்டர் ரிஃப்ளெக்ட் கொடுத்தோம்.

ஊட்டி_பழசு:
குன்னூர்காரரே, ரிஃப்ளெக்ட் இதற்கு மருந்தில்லை. ஓரத்தில் கொப்புளம் இருந்தால் அதன் பிம்பமாக இன்னொன்று முளைக்கும். நல்ல இலைகளையும் அதே போலத் திருப்பியிருந்தால் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டுமே.

என் கதை சின்னது. ஒரு விடுதியின் லோகோவைத் திருப்பி, ஒளிபுகும் தன்மையை வைக்கத் தெரியாத ஜேபெக்காகச் சேமித்ததில் ஒளிபுகும் பின்புலம் கறுத்து, விசிட்டிங் கார்டும் அப்படியே அச்சாகி வந்தது.

கோத்தகிரிக்கு: நிறம் தேடி அலைய வேண்டாம். முதலில் படத்தை ஆர்ஜிபிஏ (நிறத்தோடு ஒளிபுகும் அளவையும் வைக்கும் வடிவம்) ஆக்குங்கள், பிறகு திருப்புங்கள். மூலைகள் ஒளிபுகுவதாக வரும். பிஎன்ஜியாகச் சேமித்தால் பக்கத்தின் நிறமே பின்னால் தெரியும். ஜேபெக்தான் வேண்டும் என்றால், துணியின் ஓரத்திலிருந்து நிறம் எடுத்து ஒரு வெற்றுப் படம் செய்து, அதன்மேல் இதைப் பேஸ்ட் செய்யுங்கள். எங்கே ஒட்டலாம், எங்கே விடலாம் என்று சொல்லும் மாஸ்க்காகவும் இதையே கொடுக்க வேண்டும், மறந்தால் கறுப்பு திரும்ப வரும். இன்னொன்று: ரீசாம்பிள் (திருப்பிய படத்தின் புள்ளிகளைக் கணக்கிடும் முறை) சொல்லாவிட்டால் பில்லோ நியரெஸ்ட்டைத்தான் (பக்கத்துப் புள்ளியை அப்படியே நகலெடுப்பது) எடுக்கும், தையல் கோடு படிக்கட்டு படிக்கட்டாகிவிடும். சுற்றுப் புள்ளிகளைக் கலந்து கணக்கிடும் பைக்யூபிக் கொடுங்கள். ஓரிரு டிகிரிதான் என்றால் எக்ஸ்பேண்டே வேண்டாம். திருப்பிவிட்டு உள்பக்கமாக வெட்டிவிடுங்கள். கேமராவை நேராகப் பிடிக்கச் சொல்லியும் பார்க்கலாம், யார் கேட்கிறார்கள்!

கொடை_வெயில்:
வெட்டுவது எல்லாருக்கும் ஆகாது ஐயா. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் பழைய படங்களை, சூரியனின் வடக்கு மேலே வரும்படி சைபை என்ற பைத்தான் அறிவியல் தொகுப்பில் திருப்பி, சராசரி ஒளியை வரைந்து பார்த்தேன். ஆண்டுதோறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் சூரியன் மங்குகிறது! ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கம் போனது. பூமியிலிருந்து பார்க்கையில் சூரிய அச்சின் சாய்வு அந்த மாதங்களில்தான் 26 டிகிரியைத் தொடும். சாய்வு கூடக்கூடச் சட்டம் பெரிதாகும், சுழியம் நிரம்பிய மூலைகள் சராசரியைக் கீழே இழுக்கும். நிரப்பும் மதிப்பைச் சொல்லும் சிவேலில் என்ஏஎன் ('எண் அல்ல' என்னும் குறி) கொடுத்து, அதை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் சரி. படத்தை முன்பே ஃப்ளோட் (தசம எண்) ஆக்கிக்கொள்ள வேண்டும். முழு எண்ணில் என்ஏஎன் நிற்காது.