புதுப்பிப்பு: பேட்டரி நிறைந்திருந்தும் இன்வெர்ட்டர் நின்றது ஏன்?

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்காக: 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றைப் பழவேற்காட்டில் என் சிறு பாய்மரப் படகுக்கும் கரைக் கொட்டகைக்கும் மாற்றி மாற்றித் தூக்கிப் போகிறேன். கொட்டகையில் 700 வாட் டிரில்லை அழுத்தினால் இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடும்.

பேட்டரியை மாற்றச் சொன்னவர்களே அதிகம். கம்பியைப் பாருங்கள் என்றார் ஒருவர், அதுதான் சரி. டிரில் ஓடத் தொடங்கும்போது மீட்டர் வைத்தேன்: பேட்டரி முனையில் 13 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் 10.4. இடையில் மூன்று மீட்டர் தூரத்துக்கு மெல்லிய 6 சதுர மில்லிமீட்டர் கம்பி! வோல்ட் கம்பியிலேயே இழந்துபோக, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் நின்றிருக்கிறது. 25 சதுர மில்லிமீட்டர் கம்பி வாங்கி, இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு அரை மீட்டர் அருகே நகர்த்தினேன். பேட்டரி முனையை ஒட்டி 125 ஆம்பியர் ஃபியூஸும் போட்டேன். இப்போது இழப்பு 0.2 வோல்ட்கூட இல்லை. இன்வெர்ட்டர் வாயைத் திறப்பதில்லை.

எதிர்பாராதது ஒன்று. பழைய கம்பியின் உறையைச் சீவினால், உள்ளே ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு கறுத்து, தொட்டால் உதிர்ந்தது. வெளியே பார்க்கப் புதுக் கம்பி போலத்தான் இருந்தது. உப்புக்காற்று முனை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. அதனால் படகுப் பக்கத்துக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியே வாங்கினேன், விலை அதிகம்தான்.