5 லட்ச ரூபாய் அட்டை இருந்தும் மெடிக்கலில் கடன் ஏன்?

தறிக்காரன்:
அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர். முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பட்டியலில் இருக்கிற சிகிச்சை எடுத்தால்தான் அட்டைக்கு வேலை. மாதாமாத மாத்திரையும் போக்குவரத்தும் கைக்காசு. மெடிக்கலில் 2,300 ரூபாய் பாக்கி நிற்கிறது. காப்பீட்டுக்குக் கட்டுகிற பணத்தை ஆரம்ப சுகாதார நிலையங்களில் போடலாமே?

கடைசிபெஞ்ச்:
போட்டால் நல்லதுதான். அதற்காகக் காப்பீட்டில் கைவைக்கச் சொல்லாதீர்கள். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வருவதற்கு முன் என் சித்தப்பாவுக்கு பைபாஸ். சித்தியின் தாலிக்கொடி, அரை ஏக்கர் எல்லாம் போனது. மாத்திரைக் கடனை அடைத்துவிடலாம், அந்த நிலம் திரும்பி வரவில்லை. இன்னொன்று, அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தால் க்ளெய்ம் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே வருகிறது. எல்லாம் தனியாருக்குப் போகவில்லை.

தறிக்காரன்:
சரி, அது நியாயம். ஆனால் மாத்திரையை விட்டுவிட்டுச் சர்க்கரை ஏறி, புண் ஆறாமல் போனால்? காலை எடுக்க அட்டை உண்டு, காலைக் காப்பாற்ற இல்லை.

கடைசிபெஞ்ச்:
வசனம் பிரமாதம். மக்களைத் தேடி மருத்துவம் எதற்கு இருக்கிறது? 2021 ஆகஸ்டிலிருந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்களே. அப்பா பெயரைப் பதிந்தீர்களா?

தறிக்காரன்:
பதியவில்லை. ஜிஹெச் மாத்திரை கேட்காது என்கிறார்.

செவிலியக்கா:
இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது தம்பி. 1995இலிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் எங்களுக்கு அனுப்புகிறது. சர்க்கரைக்குத் தருகிற மெட்ஃபார்மின் எந்தக் கம்பெனியிலிருந்து வந்தாலும் மெட்ஃபார்மின்தான். முதலில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா.

காப்பீட்டு அட்டை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வருமான வரம்பு வருடத்துக்கு 1,20,000, அதாவது மாதம் 10,000. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கூலிக்குப் போனால் தாண்டிவிடும். வருமானச் சான்றுக்கு விஏஓவிடம் உண்மையைச் சொன்னவர் வெளியே, குறைத்துச் சொன்னவர் உள்ளே. இதைப் பற்றி நீங்கள் இருவருமே பேசவில்லை.

கடைசிபெஞ்ச்:
அக்கா, அதில் நானும் உங்கள் கட்சி. வரம்பை ஏற்றலாம், எடுத்தே விடலாம். அட்டையை மட்டும் விடமாட்டேன்.

தறிக்காரன்:
வருகிறேன் அக்கா. ஆனால் எங்கள் ஊரில் ஓபி காலையில்தான். அவரைக் கூட்டி வந்தால் எனக்கு அன்றைக்குத் தறி நிற்கும், கூலி போச்சு. சாயங்காலம் இரண்டு மணி நேரம் திறந்தால் பாதிப் பேர் மெடிக்கல் பக்கமே போகமாட்டோம்.

செவிலியக்கா:
அக்டோபர் 2 கிராம சபையில் எழுதிக் கொடு. சாயங்கால ஓபிக்கு இன்னொரு நர்ஸ் வேண்டும் என்பதையும் அதே மனுவில் சேர்த்து எழுது.